எலும்பு முறிவு வலி: முதல் சில நாட்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவருக்கும், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் முறிவு கண்ட பாட்டிக்கும், மரத்திலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்ட சிறுவனுக்கும் அந்த நேரத்தின் முதல் தேவை வலி அடங்குவதுதான். ஆனால் எக்ஸ்ரே எடுக்கட்டும், பெரிய டாக்டர் வரட்டும், கட்டுப் போடட்டும் என்று வலி நிவாரணம் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவதே வழக்கமாக இருக்கிறது. நோயாளிகளும் அவர்களுடன் இருப்போரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. குறிப்பிடப்படும் மருந்தளவுகள் பொதுவானவை. உங்கள் வயது, எடை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்துச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொல்வதே உங்களுக்கு உரிய அளவு.

எலும்பு முறிந்தால் ஏன் இவ்வளவு வலிக்கிறது?

எலும்பின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வலி நரம்புகள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. எலும்பு ஒடியும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. ஒடிந்த முனைகள் அசையும் ஒவ்வொரு முறையும் கிழிந்த இடம் மீண்டும் உரசப்படுகிறது. முறிவைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகி முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடுவதும், உள்ளே கசியும் இரத்தத்தால் வீக்கம் கூடுவதும் வலியை மேலும் பெருக்குகின்றன. அசையாமல் படுத்திருக்கையில் தாங்கக்கூடியதாக இருந்த வலி, ஸ்ட்ரெச்சர் ஒரு குழியில் இறங்கி ஏறியவுடன் அலற வைப்பதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் முதல் வலி மருந்து எது?

அசையாமல் வைப்பதுதான். முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டினால், எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன்பே வலி கணிசமாகக் குறையும். தடித்த அட்டை, சுருட்டிய செய்தித்தாள்க் கட்டு, மரச்சட்டம் என்று கையில் கிடைப்பது எதுவும் சிம்பாக உதவும். தோலில் நேரடியாக உறுத்தாமல் இடையில் துணி வைக்க வேண்டும். கையாக இருந்தால் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ தூளிபோல் கழுத்தில் கட்டித் தாங்கலாம். காலாக இருந்தால், வேறு வழியே இல்லாதபோது, நல்ல காலோடு சேர்த்துக் கட்டுவதும் பயன் தரும்.

லிவர்பூலைச் சேர்ந்த ஹ்யூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய தாமஸ் சிம்பை, அவருடைய உறவினரான மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலகப் போரில் தொடையெலும்பு முறிந்த வீரர்களுக்குப் பரவலாகப் பயன்படுத்தச் செய்தார். அந்தக் காயத்தால் நேர்ந்த இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஒரு நூற்றாண்டு கடந்தும் எலும்பு முறிவு வார்டுகளில் அந்தச் சிம்பு புழக்கத்தில் இருக்கிறது.

108 ஆம்புலன்ஸ் வரும்வரை வேறென்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

அடிபட்ட கையிலோ காலிலோ இருக்கும் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, கயிறு அனைத்தையும் உடனே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து விரல் வீங்கிய பின் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அது விரலின் இரத்த ஓட்டத்தையே நெரிக்கத் தொடங்கியிருக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை ஒத்தடம் கொடுக்கலாம். தோலில் நேரடியாக வைக்கக்கூடாது. எண்ணெய் தேய்த்து உருவுவது, சுளுக்கு வழிப்பது, கோணலாகத் தெரியும் காலை இழுத்து நேராக்கிப் பார்ப்பது ஆகிய மூன்றும் வலியைக் கூட்டுவதோடு அருகிலுள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் காயப்படுத்தக்கூடும். அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் காபி, பழச்சாறு, சோறு எதுவும் தர வேண்டாம். பெரிய காயம் எனில் மருந்துக் கடையில் நின்று மாத்திரை வாங்குவதில் நேரத்தைச் செலவிடாமல் மருத்துவமனைக்குச் செல்வதே நல்லது.

பரிசோதனைக்கு முன்பே வலி ஊசி போட்டால் எங்கே அடிபட்டது என்பது மறைந்துவிடாதா?

மறையாது. இது வயிற்று வலிக்காரர்களைப் பற்றிப் பழைய காலத்தில் சொல்லப்பட்டு எலும்பு முறிவுக்கும் ஒட்டிக்கொண்ட ஓர் அச்சம். வயிற்று வலியிலேயே அது இன்று ஏற்கப்படுவதில்லை. முறிவை எக்ஸ்ரே காட்டிவிடும். வலி ஓரளவு அடங்கியவர்தான் காலை அசைக்கவும், விரலை மடக்கவும், எங்கே உணர்வு குறைந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லவும் இயலும் என்பதால் பரிசோதனை உண்மையில் எளிதாகிறது. முதலில் நரம்பின் செயல்பாட்டையும் இரத்த ஓட்டத்தையும் ஒரு நிமிடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது வலி நிவாரணம். அதன் பிறகே எக்ஸ்ரே. ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேசைக்குத் தூக்கி மாற்றும் அந்த அரை நிமிடம்தான் பலருக்கும் முழு நோயிலும் கொடிய வலியைத் தருவதாக இருக்கிறது. அதற்கு முன் ஊசி போடப்பட்டதா என்று கேட்பது உடன் வந்தவரின் உரிமை.

ஊசி எங்கே போடப்படுகிறது என்பதும் முக்கியம். இடுப்புச் சதையில் போடும் ஊசி எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்று கணிப்பது கடினம். இரத்தம் இழந்து உடல் குளிர்ந்திருப்பவருக்கு அது சதையிலேயே தங்கிவிடும். கடும் வலிக்கு இரத்தக் குழாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து, விளைவைப் பார்த்து அளவைக் கூட்டுவதே முறை.

வலியின் அளவை எப்படிச் சொல்வது?

வலியே இல்லை என்றால் 0, கற்பனை செய்யக்கூடிய மிகக் கடுமையான வலி என்றால் 10 என்று வைத்து ஓர் எண்ணைச் சொல்லலாம். சும்மா படுத்திருக்கும்போது ஓர் எண், அசையும்போது ஓர் எண் என்று இரண்டையும் சொல்லுங்கள். இரண்டாவதுதான் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. சிறு குழந்தைகளுக்கு முகப் படங்களைக் காட்டிக் கேட்கலாம். நினைவாற்றல் குன்றிய முதியவர்கள் சொல்லமாட்டார்கள். முகச்சுளிப்பு, முனகல், தொட வந்தால் கையைத் தட்டிவிடுவது ஆகியவற்றிலிருந்து நாம்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரைதானே, எலும்பு முறிவுக்கு அது என்ன செய்யும்?

தனியாக அதிகம் செய்யாது; மற்ற மருந்துகளுடன் சேர்ந்து நிறையச் செய்யும். வலி உண்டாகும் இடம், அது பயணிக்கும் நரம்பு, அதை உணரும் மூளை என்று ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு மருந்து சிறிது சிறிதாக வேலை செய்தால், எந்த ஒன்றையும் ஆபத்தான அளவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய வலி சிகிச்சையின் அடிப்படை. அதில் பாராசிட்டமால் அடித்தளம். வலிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வதைவிட, முதல் சில நாட்கள் மணிக்கணக்குப்படி தவறாமல் எடுத்துக்கொள்வதுதான் பலன் தரும்.

நலமான பெரியவருக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 4000 மில்லிகிராம். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு இதைவிடக் குறைவு. நம் ஊரில் இந்த வரம்பு எவரும் அறியாமல் மீறப்படுவதற்குக் காரணம் கூட்டு மாத்திரைகள். ஒருவர் வீட்டில் இருந்த 650 மில்லிகிராம் மாத்திரையை நான்கு வேளை போடுகிறார்: 2600. மருத்துவமனைச் சீட்டில் உள்ள அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. இரண்டு வேளைக்கு 650. சீட்டில் உள்ள டிரமடால் என்ற வீரியமான வலி மாத்திரையிலும் அதே 325 இருக்கிறது. மூன்று வேளைக்கு 975. கூட்டினால் 4225. பாராசிட்டமால் என்ற பெயரில் அவர் வாங்கியது ஒரே ஓர் அட்டைதான். ஆகவே ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்து, உள்ளிருக்கும் மருந்துகளின் பெயரைக் கூட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மருந்தாளுநரிடம் எல்லா அட்டைகளையும் ஒன்றாக எடுத்துச் சென்று காட்டுங்கள்.

டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்றவை எலும்பு சேர்வதைத் தடுக்கும் என்கிறார்களே?

முறிவைச் சுற்றி உண்டாகும் அழற்சி, எலும்பு கூடுவதன் முதல் கட்டம் என்பதால் அந்த அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற ஐயம் விலங்குகளில் நடந்த ஆய்வுகளிலிருந்து எழுந்தது. மனிதர்களில், குறிப்பாக நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தவர்களைப் பொறுத்தவரை, விவாதம் இன்னும் முடியவில்லை. சில நாட்கள் மட்டும் எடுப்பதால் பெரும் தீங்கு நேர்வதாக உறுதியான சான்று இல்லை. குழந்தைகளில் அந்தக் கவலைக்கு இடமே இல்லை எனலாம். புகைப்பிடித்தல் எலும்பு கூடுவதைக் கெடுக்கிறது என்பதற்கான சான்று இதைவிட வலுவானது. மாத்திரையைப் பற்றி அஞ்சிக்கொண்டே வார்டுக்கு வெளியே நின்று புகைப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

உண்மையான எச்சரிக்கைகள் வேறு இடத்தில் உள்ளன. சிறுநீரக நோய், வயிற்றுப் புண், இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. விபத்தில் நிறைய இரத்தம் இழந்தவருக்கும், உடலில் நீர் வற்றிய முதியவருக்கும், இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கும் இரண்டு மூன்று நாட்களிலேயே சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதே வகையைச் சேர்ந்த கீட்டோரோலாக் என்ற மருந்தை எவ்வகையிலும் 5 நாட்களுக்கு மேல் தொடரக்கூடாது. இந்த வகை மருந்துகளில் இரண்டை ஒன்றாகச் சேர்த்து எடுப்பதால் வலி இருமடங்கு குறையாது, தீங்குதான் கூடும்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரா?

கடும் முறிவு வலிக்காக, மருத்துவமனையில், சில நாட்களுக்குக் கொடுக்கப்படும் மார்ஃபினால் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. இந்தியாவில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உரிமங்களையும் தண்டனைகளையும் கடுமையாக்கியதில், பல மருத்துவமனைகள் மார்ஃபினை இருப்பு வைப்பதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிம முறை எளிதாக்கப்பட்டது. இருந்தும் அந்த இடைவெளியில் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் பழக்கமின்மையும் தயக்கமும் தங்கிவிட்டன. அந்த வெற்றிடத்தை டிரமடால், பென்டசோசின் என்ற வலி மருந்துகள் நிரப்பின. பென்டசோசின் சிலருக்கு மாயத் தோற்றங்களையும் மனக்கலக்கத்தையும் உண்டாக்கும். ஏற்கெனவே மார்ஃபின் பெறுபவருக்குக் கொடுத்தால் மார்ஃபினின் வேலையையே கெடுத்துவிடும். டிரமடால் குமட்டலையும் தலைச்சுற்றலையும் தருவதோடு, வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் சில மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம். 2018 முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. எனவே மார்ஃபின் என்றால் அபாயம், மற்றவை சாதாரணம் என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

மார்ஃபினுக்கு உரிய எச்சரிக்கை மூச்சைப் பற்றியது. நோயாளி வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிவது மூச்சு குறைவதற்கு முன் வரும் அறிகுறி. அழைத்தால் கண் விழித்துப் பேசுகிறாரா என்று உடன் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழிக்கவில்லை என்றால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால் ஃபென்டனில் போன்ற வேறு மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும்; அதற்கான மருந்தை முதல் நாளே தொடங்குவது நல்லது. படுக்கையில் கிடப்பவருக்கு நான்கு நாள் மலம் வராதிருப்பது முறிவைவிடப் பெரிய துன்பமாகிவிடுவதுண்டு.

பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 'நரம்பு மரக்க ஊசி' போடலாம் என்கிறார்கள். அது என்ன?

இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனை முறிவதைத்தான். அடிபட்ட கால் சற்றே குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கும், கவட்டியில் வலிக்கும். இங்கே மாத்திரைகளும் போதவில்லை, மார்ஃபினை அதிகமாகவும் கொடுக்க முடியவில்லை என்ற இக்கட்டுக்கு விடைதான் நரம்பு மரக்கும் ஊசி. மயக்க மருந்து நிபுணரோ பயிற்சி பெற்ற அவசரப் பிரிவு மருத்துவரோ அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்துக்கொண்டே கவட்டிக்கு அருகில் தசையுறையின் கீழ் மரப்பு மருந்தைச் செலுத்துவார். இந்த முறை 1989இல் குழந்தைகளுக்காக விவரிக்கப்பட்டுப் பின்னர் முதியவர்களின் இடுப்பு முறிவுக்குப் பெரிதும் பயன்பட்டது. இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நுண் நரம்புகளை மட்டும் குறிவைக்கும் இன்னொரு முறை 2018இல் அறிமுகமானது. ஊசி போட்ட அரை மணி நேரத்தில், அதுவரை போர்வையைத் தொடக்கூட விடாதவர் படுக்கையைச் சற்று உயர்த்தி உட்கார ஒப்புக்கொள்வதைக் காணலாம். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை பலன் நீடிக்கும்.

மரப்பு மருந்து தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும் என்பதால், அதற்கான மாற்று மருந்தும் கண்காணிப்புக் கருவிகளும் உள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். இடுப்பு முறிவுக்கு இறுதியான வலி நிவாரணம் அறுவை சிகிச்சையே. சேர்ந்த அன்றோ மறுநாளோ செய்துவிட வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். 'வயதாகிவிட்டது, அறுவை சிகிச்சை வேண்டாம்' என்று வீட்டுக்கு அழைத்துச் செல்வோர், அசையாத முறிவோடு அல்ல, அசைந்துகொண்டே இருக்கும் முறிவோடு அழைத்துச் செல்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வலி மருந்து கொடுத்ததிலிருந்து அவர் உளறுகிறார். மருந்தை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். முறிவோடு சேர்க்கப்படும் முதியவர்களில் குழப்பமும் உளறலும் அடிக்கடி தோன்றும். வலிக்குப் போதிய மருந்து தரப்படாததும் அதற்கு ஒரு காரணம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறுநீர் அடைப்பு, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைதல், நிமோனியா, கண்ணாடியும் காது கருவியும் இல்லாமல் புது இடத்தில் கிடப்பது என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். இளைஞரோ முதியவரோ, தொடையெலும்பு போன்ற நீண்ட எலும்பு முறிந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத் திணறலோடு குழப்பமும் வந்தால், எலும்பு மச்சையின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். அது அவசர நிலை. 'மருந்து மயக்கம்' என்று விட்டுவிடக்கூடாது.

குழந்தைகளுக்கு எதைக் கொடுக்கலாம்?

எடையைக் கணக்கிட்டுப் பாராசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் தருவதே பெரும்பாலான முறிவுகளுக்குப் போதும். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளில் இபுப்ரூஃபென், வாய்வழி மார்ஃபினுக்கு ஏறக்குறைய ஈடாக வலியைக் குறைப்பதாகவும் பக்க விளைவுகள் குறைவு என்றும் ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆஸ்பிரின் தரக்கூடாது. நிமசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்கு உட்பட்டோருக்கு இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்டது. அதே வயதினருக்கு டிரமடாலும் கோடீனும் கூடாது என அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்தது. எலும்பை நேராக்கும்போது கெட்டமின் போன்ற மருந்துகளால் குழந்தையைச் சில நிமிடம் மயக்கத்தில் வைக்கலாம். நான்கு பேர் சேர்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுப்பது சிகிச்சை ஆகாது.

மாவுக்கட்டு போட்ட பிறகு வலி கூடிக்கொண்டே போகிறது. மருந்தைக் கூட்டலாமா?

முதலில் கட்டைப் பார்க்க வேண்டும். கட்டுப் போட்டு எலும்பு அசையாமல் நின்றதும் வலி இறங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், கொடுத்த மருந்துக்குக் கட்டுப்படாமல் ஏறினால், அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்ற நிலையாக இருக்கலாம். கையிலும் காலிலும் தசைகள் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. உள்ளே வீக்கம் கூடினால் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும். கீழ்க்கால் எலும்பு முறிவிலும், குழந்தைகளின் முழங்கைக்கு மேலான முறிவிலும், முன்கை முறிவிலும் இது அதிகம். சுமார் 6 மணி நேரம் கடந்தால் தசைக்கு நேரும் சேதம் மீளாததாகிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மற்றொருவர் மெல்ல நிமிர்த்தியும் மடக்கியும் பார்க்க வேண்டும். அதற்கே நோயாளி துடித்துக் கத்தினால் காத்திருக்கக்கூடாது. விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது, விரலைத் தானாக அசைக்க இயலாமை ஆகியவை அடுத்தடுத்து வரும். நாடித் துடிப்பு இருக்கிறது, விரல் சூடாக இருக்கிறது என்பதை வைத்து ஆறுதல் அடையக்கூடாது. நாடி நிற்பது கடைசிக் கட்டத்தில்தான். குழந்தைகள் வலி என்று சொல்லாமல் பதற்றமாகவும் அடங்காமலும் இருப்பார்கள், மருந்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

நேரம் நள்ளிரவு 2 மணியாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே முதலில் மாவுக்கட்டையும் அதனடியில் உள்ள பஞ்சையும் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கும் வெட்டித் திறப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் தசையுறையைக் கீறித் திறக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும். சாதாரண வீக்கத்துக்குக் காலை இதயத்தைவிட உயரத் தூக்கி வைப்பது நல்லது. இந்த ஐயம் எழுந்த பிறகு இதய மட்டத்தில்தான் வைக்க வேண்டும், ஏனெனில் உயர்த்தினால் இருக்கும் கொஞ்ச இரத்த ஓட்டமும் குறையும். கீழ்க்கால் முறிவுக்கு நரம்பு மரக்கும் ஊசியை எலும்பு மருத்துவரைக் கலந்து பேசிய பிறகே போடுவதும், போட்ட பின் கூடுதலாகக் கண்காணிப்பதும் இந்த எச்சரிக்கை வலி மறைந்துவிடக்கூடாது என்பதற்காகவே.

நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டால் வலி குறையும் என்கிறார்களே?

மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டுவதால் முதலில் வலி குறைவது உண்மைதான்; சிம்பின் வேலை அது. எக்ஸ்ரே பார்க்காமல், வீங்கப்போகும் கையைச் சுற்றி முழுவட்டமாக இறுக்கிக் கட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. இறுகிய கட்டால் முன்கைத் தசைகள் செத்துச் சுருங்கி, விரல்கள் பறவையின் கால் நகம்போல் வளைந்து நின்றுவிடும் நிலையை ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881இல் விவரித்தார். கட்டியது யார் என்பது கணக்கில்லை. மருத்துவமனை மாவுக்கட்டும் இறுகினால் இதையேதான் செய்யும். அதனால்தான் முதல் சில நாட்களுக்கு முழுக்கட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்த அரைக்கட்டைப் பெரும்பாலும் போடுகிறார்கள். வலி கூடும்போது 'எலும்பு கூடுகிறது, அப்படித்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கும்போது வலி மாத்திரை சாப்பிடலாமா?

பெரும்பாலும் ஒரு மிடறு தண்ணீரோடு சாப்பிடலாம். இல்லையென்றால் டிரிப்ஸ் வழியாகத் தரலாம். பட்டினி என்பது உணவுக்குத்தான். காலையில் பட்டினி போட்டு, அறுவை சிகிச்சை மாலைக்குத் தள்ளிப்போய், நாள் முழுவதும் ஒரு வேளை வலி மருந்தும் இல்லாமல் கிடந்தவர்கள் உண்டு. மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் மருந்து தேவைப்படும்?

முறிவையும் சிகிச்சையையும் பொறுத்தது. பொதுவாக முதலில் நிறுத்த வேண்டியது டிரமடால் போன்ற வீரியமான மருந்து, அடுத்து டைக்ளோஃபெனாக் வகை, கடைசியாகப் பாராசிட்டமால். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் மூட்டை அசைப்பது எளிதாகும். கட்டுக்கு வெளியே உள்ள விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். மிஞ்சிய டிரமடாலை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டு மூட்டு வலிக்கும் கொடுக்க வேண்டாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டி இருக்கலாம். காய்ச்சலோடு காயம் சிவந்து சீழ் கசிந்தால் தொற்று இருக்கலாம். இரண்டுக்கும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாரங்கள் கழிந்தும், முறிவு கூடி வந்தும், கை எரிவதுபோல் வலித்து, தோல் நிறம் மாறி, வியர்த்து, காற்றுப் பட்டாலே கூசினால், அது நரம்பு மண்டலம் சார்ந்த தனி வலி நோய். வழக்கமான மாத்திரைகள் அதற்கு உதவாது. கையை அசைக்காமல் பொத்தி வைப்பது அதை மோசமாக்கும். தாமதிக்காமல் வலி சிகிச்சைப் பிரிவுக்கும் இயன்முறை மருத்துவரிடமும் அனுப்பும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.